பெட்டிக்குக் கொடுப்பதா, ஆளுக்குக் கொடுப்பதா?

என் அக்கா மகனும் அவனோடு கல்லூரியில் படித்தவர்களும் கோவையில் ஒரு மண்டபம் பிடித்திருக்கிறார்கள். படிப்பு முடிந்து பத்து வருடம் ஆனதற்கு ஒரு ஒன்றுகூடல். இருநூறு பேர் வருவார்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்து இரவு பத்து வரைக்கும் ஆட்டம். மண்டப வாடகை, சாப்பாடு எல்லாம் போக இசைக்கென்று ஒரு தொகை கையில் நின்றது. அதற்கு இரண்டு கொட்டேஷன் வாங்கி எனக்கு அனுப்பினான்.

ஒன்றில் எட்டு சப் (பேஸ் என்கிற கனத்த கீழ் ஒலியைத் தரும் பெட்டி), நான்கு டாப் (குரலும் மற்ற ஒலிகளும் வரும் பெட்டி), லைட், புகை மெஷின். பாட்டுப் போட ஆள் கிடையாது. லேப்டாப்பில் இவர்களே வரிசை போட்டு ஓட்டிக்கொள்ள வேண்டும். இன்னொன்றில் இரண்டு டாப், இரண்டு சப், அவ்வளவுதான். ஆனால் கூடவே அனுபவமுள்ள ஒரு டிஜே. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை.

"மாமா, சிஸ்டம் நல்லா இருந்தா யார் போட்டாலும் ஆடுவாங்க, இல்லையா?" என்று கேட்டான்.

வார இறுதிகளில் நானும் டிஜே பண்ணுகிறவன்தான். அதனால் யோசிக்காமல் ஆள் பக்கம் பேசுவேன் என்று அவன் நினைத்திருக்கலாம். எனக்கு அப்படிப் பேச வரவில்லை. இந்தக் கேள்விக்கு ஐம்பது வருடத்துக்கும் மேல் வயதாகிறது. நடன இசை வளர்ந்த ஊர்களில் இதற்குச் சொல்லப்பட்ட பதில்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. அவனுக்கு போனில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் பெட்டியின் பக்கம். அந்தப் பக்கத்துக்கு நான் கண்ட பெரிய சாட்சி நியூயார்க்கின் டேவிட் மன்குசோ. 1970 பிப்ரவரி 14 அன்று, 647 பிராட்வேயில் தன்னுடைய வீட்டிலேயே அவர் ஒரு நடன விருந்து வைத்தார். பிறகு அது 'லாஃப்ட்' என்ற பெயரில் ஒரு தலைமுறையையே உருவாக்கியது. சுவர் மூலையில் நிற்கும் கிளிப்ஷ்ஹார்ன் ஸ்பீக்கர்கள், அலெக்ஸ் ரோஸ்னர் என்ற ஒலிப் பொறியாளர் செய்து கொடுத்து ஆடுகிறவர்களின் தலைக்கு மேல் தொங்கவிட்ட, கூர்மையான மேல் ஒலி தரும் டுவீட்டர்கள் என்று, ஒலிக்காக அவர் செய்யாத செலவில்லை. போகப் போக, இரண்டு பாட்டுகளைக் கலக்க உதவும் மிக்சர் கருவியையே கழற்றிவிட்டார். மின்சாரம் போகும் பாதையில் ஒரு கருவி குறைந்தால் ஒலி அந்த அளவுக்குச் சுத்தமாகும் என்பது அவர் கணக்கு. ஒரு இசைத்தட்டை முதலிலிருந்து கடைசிவரை முழுசாகப் போடுவார், முடிந்ததும் அடுத்த தட்டு. பீட்டைப் பீட்டோடு ஒட்டுவதெல்லாம் கிடையாது. இடையில் விழுகிற மௌனத்தில் ஜனங்கள் கைதட்டுவார்கள்.

அப்படியானால் டிஜே எதற்கு? அக்கா மகனின் வாதத்துக்கு இதைவிடப் பலமான ஆதாரம் கிடைக்காது. ஆனால் கிட்டப் போய்ப் பார்த்தால் அங்கே வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது தெரியும். எந்தத் தட்டு, எந்த நேரத்தில், எதற்குப் பின்னால் என்பதையெல்லாம் முடிவு செய்தது மன்குசோவின் காது. அந்த ஸ்பீக்கர்களும் ஒரே நாளில் வாடகைக்கு வந்து இறங்கியவை அல்ல. அந்த அறையில், அந்த ஜனங்களுக்கு நடுவே, ஒருவர் வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டு மாற்றியவை. பணம் கொடுத்தால் பெட்டி வந்துவிடும், அந்த வருடங்கள் வராது.

எதிர்ப் பக்கத்துச் சாட்சி சிகாகோ. 1980களில் அங்கே 'மியூசிக் பாக்ஸ்' என்ற கிளப்பில் ரான் ஹார்டி என்ற டிஜே இருந்தார். வேகத்தைக் கூட்டி, டேப்பை வெட்டி ஒட்டி, சத்தத்தை ஏற்றி முரட்டுத்தனமாகப் போடுவார். நேர்த்தியான ஒலி வேண்டும் என்பவர்கள் தேடிப்போகிற இடமில்லை அது. அதே ஊரில் ஃப்யூச்சர் என்ற பெயரில் மூன்று பையன்கள், ரோலண்ட் டிபி-303 என்ற பழைய மின்னணு இசைக்கருவியை வைத்து எதையோ நோண்டிக்கொண்டிருந்தார்கள். தனியாக கிட்டார் பழகுகிறவருக்கு பேஸ் துணை கொடுப்பதற்கென்று செய்த கருவி அது. கிட்டார்காரர்கள் சீண்டவில்லை, 1984இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள், மிச்சமிருந்தவை பழைய சாமான் கடைகளில் சல்லிசாகக் கிடைத்தன. அந்தப் பையன்கள் அதன் குமிழ்களை ஓடிக்கொண்டிருக்கும்போதே திருகித் திருகி, பேஸாகக் கேட்க வேண்டியதைக் கிறீச்சிட்டு வழுக்கும் ஒரு குரலாக மாற்றினார்கள். பதிவு செய்த டேப்பை ஹார்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

அவர் அதை ஒரே இரவில் நான்கு முறை போட்டார் என்று அந்தக் குழுவினர் சொல்லியிருக்கிறார்கள். முதல் தடவை ஆடுதளமே காலியாகிவிட்டது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தார்கள். நான்காவது தடவை கூட்டம் வெறிபிடித்து ஆடியது. 'ஆசிட் ஹவுஸ்' என்று பின்னால் உலகமெங்கும் ஓடிய இசைக்கு அது ஒரு தொடக்கம். முதல் தடவை தளம் காலியானதைக் கண்ணால் பார்த்த பிறகும், "இல்லை, இது இவர்களுக்குப் பிடிக்கும், இன்னும் பழக்கம் வரவில்லை, அவ்வளவுதான்" என்று ஒரு மனுஷன் எடுத்த முடிவு இருக்கிறதே, அதை எந்தப் பெட்டி எடுக்கும்? லேப்டாப்பில் வரிசை போட்டு வைத்திருந்தால் அந்தப் பாட்டு ஒருமுறை ஓடியிருக்கும், ஜனங்கள் தண்ணீர் குடிக்கப் போயிருப்பார்கள், கதை அங்கேயே முடிந்திருக்கும்.

கிங்ஸ்டன் பக்கம் போனால் இந்தப் பிரிவினையே குழம்பிப்போகிறது. ஜமைக்காவில் சவுண்ட் சிஸ்டம் என்றால் ஸ்பீக்கர் மட்டுமில்லை. பெட்டி, தட்டு, போடுகிறவர், மைக்கில் பேசுகிறவர் எல்லாம் சேர்ந்த ஒரு படைக்கே அந்தப் பெயர். 1960களின் கடைசியில் ரடி ரெட்வுட் என்ற சவுண்ட் சிஸ்டம் உரிமையாளர் ஒரு ஸ்டூடியோவில் தனக்கென்று ஒரு தட்டு வெட்டச் சொன்னபோது, பொறியாளர் தவறுதலாகக் குரலைச் சேர்க்காமல் விட்டுவிட்டார். தன் நடன நிகழ்ச்சியில் ரெட்வுட் அதையே போட்டார். பாடகர் இல்லாத இடத்தில் ஜனங்களே பாடினார்கள். குரலில்லாத 'வெர்ஷன்' என்ற வழக்கம் அதிலிருந்து கிளம்பியது. அதை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனவர் கிங் டப்பி. ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) ரிப்பேர் செய்யும் தொழில்காரர். தன் சவுண்ட் சிஸ்டத்துக்கு ஆம்ப் கட்டிய அதே கையால், மிக்சிங் மேசையில் டிரம்மை மறைத்தும் பேஸைத் தனியே விட்டும் எதிரொலியை வழியவிட்டும் டப் என்ற புதிய இசையைச் செய்தார். இவரைக் கருவிக்காரர் என்பதா, கலைஞர் என்பதா? சால்டரிங் அயர்ன் பிடித்த கைதான் இசையையும் செய்தது.

நியூயார்க்கின் 'பாரடைஸ் கராஜ்' இன்னும் தெளிவான உதாரணம். 84 கிங் தெருவில், முன்பு வண்டி நிறுத்துமிடமாக இருந்த கட்டடம். 1977 முதல் 1987 வரை நடந்தது. டிஜே லாரி லெவான், ஒலி அமைத்தவர் ரிச்சர்ட் லாங். இருவரும் சேர்ந்து அந்த இடத்துக்கென்றே வளர்த்த, பேஸ் ஹார்ன் என்ற கொம்பு வடிவ ஸ்பீக்கருக்கு லெவானின் பெயரே நிலைத்துவிட்டது. இரவு ஏற ஏற லெவான் ஒலியை மாற்றிக்கொண்டே போவார். எந்த நேரத்தில் பேஸ் முழுசாக இறங்க வேண்டும் என்பதும் அவருக்குப் பாட்டுத் தேர்வு மாதிரியே ஒரு முடிவுதான்.

சரி, கோவை மண்டபத்துக்கு வருவோம். எட்டு சப்புக்கும் இரண்டு சப்புக்கும் உண்மையில் எவ்வளவு வித்தியாசம்?

வாட் கணக்கு ஆளை ஏமாற்றும். ஆம்பின் சக்தியை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) மட்டுமே கூடும். காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு சக்தி. எட்டு சப்பையும் ஒரே இடத்தில் சேர்த்து அடுக்கினால், சக்தியோடு பெட்டிகளும் கூடுவதால், இரண்டைவிட 12 டெசிபல் வரைக்கும் அதிகம் கிடைக்கும். திறந்த மைதானத்தில் அது பொன். ஒவ்வொரு முறை தூரம் இரட்டிக்கும்போதும் ஒலி 6 டெசிபல் விழுகிற இடம் அது. பின்னால் நிற்கிற ஜனங்களுக்கு அந்த 12 வேண்டும். நான்கு சுவரும் கூரையும் உள்ள மண்டபத்தில் இருநூறு பேருக்கு அதைக் குறைத்துத்தான் வைக்க வேண்டியிருக்கும். குறைத்து வைக்கப்போகிற பெட்டிக்கு எதற்கு வாடகை?

காதையும் நினைக்க வேண்டும். இசை நிகழ்ச்சிகள் நடைபெறும் அரங்குகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வரையறையில், 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது. தொழிலிடங்களுக்கு அமெரிக்காவில் பரிந்துரைக்கும் கணக்கில் 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம், 100 என்றால் வெறும் 15 நிமிடம். நான்கு மணி நேரம் ஆடப்போகிற நண்பர்களை, அதில் கைக்குழந்தையோடு வருகிறவர்களும் இருப்பார்கள், அதற்கு மேல் ஏற்றி வைத்து என்ன செய்யப்போகிறோம்?

ஆனால் "இரண்டு சப் போதும்" என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்ல முடியாது. இங்கே நான் பார்த்த ஒரு வரவேற்பைச் சொல்ல வேண்டும்.

திருப்பூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். டைல்ஸ் தரை, வெறும் சுவர். மேடைக்கு இடப்பக்கம் ஒரு சப், வலப்பக்கம் ஒரு சப், நடுவில் பூ அலங்காரம். நான் விருந்தாளியாகப் போயிருந்தேன். டிஜே ஒரு பெண், முப்பது வயது இருக்கும். மாலையில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு மண்டபத்தைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். ஒரு இடத்தில் நிற்பார், ஒரு எட்டு பக்கவாட்டில் வைப்பார், மறுபடி நிற்பார். நானும் எழுந்து பின்னாலேயே நடந்து பார்த்தேன். நடுக்கோட்டில் பேஸ் நெஞ்சில் இடித்தது. இரண்டு மூன்று எட்டு தள்ளினால் மாயமாக மறைந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் திரும்ப வந்தது.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. சப்பிலிருந்து வருகிற 50 ஹெர்ட்ஸ் மாதிரியான கீழ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். தள்ளித் தள்ளி வைத்த இரண்டு சப்பிலிருந்து வருகிற அலைகள், ஒன்றுக்கொன்று மூன்றரை மீட்டர் தூர வித்தியாசத்தில் வந்து சேருகிற இடத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அழிந்துவிடும். அந்தப் பட்டையில் நிற்கிறவருக்குத் தாளம் கேட்கும், உடம்பில் ஏறாது. அவர் ஏன் தனக்கு ஆடத் தோன்றவில்லை என்றே தெரியாமல் நாற்காலிக்குப் போய்விடுவார்.

அந்தப் பெண் சவுண்ட்காரரிடம் போய், "அண்ணா, இந்த ரெண்டையும் நடுவுல ஒண்ணா சேத்து வச்சிரலாமா?" என்று கேட்டார். அவருக்கு மனசில்லை. பூ அலங்காரம் மறைந்துவிடும், வீடியோகாரர் சண்டைக்கு வருவார். கால் மணி நேரம் பேசி, அலங்காரத்தை இரண்டடி பின்னால் தள்ளி, சப் இரண்டும் மேடைக்கு முன்னால் தரையில் பக்கம் பக்கமாக உட்கார்ந்தன. பிறகு அவர் இக்யூவில், அதாவது ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற கருவியில், ஒரே ஒரு இடத்தைக் குறைத்தார். குரலைச் சேறு மாதிரி மூடிக்கொண்டிருந்த அந்த வீக்கம் வடிந்து, பாட்டின் வரிகள் பின்வரிசை வரை வந்தன. புதிதாக ஒரு பைசா செலவில்லை. பெட்டிகள் அதே பெட்டிகள்தான்.

இரவு ஒன்பது மணிக்கு அவர் செய்ததுதான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. தளம் நிறைந்திருந்தது. பேஸ் குமிழைச் சட்டென்று பூஜ்யத்துக்குத் திருப்பினார். கைத்தாளமும் குரலும் மட்டும் மிச்சம். எட்டு பீட், பதினாறு பீட். ஜனங்கள் தாங்களாகவே கைதட்டித் தாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். முப்பத்திரண்டு ஆன பிறகும் அவர் கொடுக்கவில்லை. ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மாக்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். அப்புறம் குமிழைத் திருப்பினார். மண்டபமே ஒரே நேரத்தில் குதித்தது.

இல்லாத பேஸை எடுத்துவிட்டுத் திரும்பக் கொடுக்க முடியாது. சப் சரியில்லாத மண்டபத்தில் அதே பெண் அதே குமிழைத் திருப்பியிருந்தால் யாருக்கும் ஒன்றும் உறைத்திருக்காது. ஆளின் திறமை வெளியே தெரிவதற்குப் பெட்டியில் ஒரு குறைந்தபட்சத் தகுதி வேண்டும். அந்தக் கோடு வரைக்கும் பெட்டிக்குச் செலவழிக்க வேண்டியதுதான், அதில் நான் கஞ்சத்தனம் பார்க்கச் சொல்ல மாட்டேன். கோட்டைத் தாண்டிய ஒவ்வொரு ரூபாயும் ஆளுக்குப் போக வேண்டும்.

கோடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க மீட்டர் தேவையில்லை. நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை நிகழ்ச்சி அளவுக்குச் சத்தமாகப் போட்டுவிட்டுக் கடைசி வரிசைக்கு நடந்து போங்கள். வரிகள் புரிய வேண்டும். மண்டபத்தின் நடுவில் நின்றால் டிரம் அடி வயிற்றில் தட்ட வேண்டும். ஆம்பில் சிவப்பு விளக்கு எரியக் கூடாது. அப்படி எரிந்தால் பெட்டி தன் சக்திக்கு மேல் கத்துகிறது என்று அர்த்தம், இருநூறு பேரின் உடம்பு வந்து ஒலியை உறிஞ்சும்போது இன்னும் கத்தும். ஆள் இல்லாத மண்டபத்தில் கொஞ்சம் கூர்மையாகக் கேட்டால் பயப்பட வேண்டாம், கூட்டம் சேர்ந்ததும் அடங்கிவிடும்.

லேப்டாப் யோசனையை நான் அப்படியே தள்ளிவிடவில்லை. பத்து வருடத்துக்கு முந்தைய கல்லூரிப் பாட்டுகள் எவை என்று அவர்களைவிட நன்றாக எந்த டிஜேக்கும் தெரியாது. எந்தப் பாட்டுக்கு யார் மேசை மேல் ஏறி ஆடினார்கள் என்பது அந்த இருநூறு பேருக்குத்தான் தெரியும். அந்தப் பட்டியல் ஒரு சொத்து. ஆனால் பட்டியலுக்குத் தளத்தைப் பார்க்கத் தெரியாது. நாற்பது பேர் ஆடிக்கொண்டிருக்கும்போது ஒரு மெதுவான பாட்டு வந்து நாற்பதையும் உட்கார வைத்துவிடும். யாராவது ஓடிப்போய் மாற்றுவார், இன்னொருவர் வந்து அதையும் மாற்றுவார், ஒன்பது மணிக்கு லேப்டாப்பைச் சுற்றி ஒரு பஞ்சாயத்து நடக்கும். இதை நான் எத்தனையோ வீட்டு விசேஷங்களில் பார்த்துவிட்டேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெரிய சிஸ்டம் நல்லதைக் காட்டுகிற மாதிரியே கெட்டதையும் காட்டும். வீடியோவிலிருந்து பிடித்து இறக்கிய பாட்டு, போன் ஸ்பீக்கரில் சமாளித்துவிடும். எட்டு சப்பில் போட்டால் அதன் ஓட்டை எல்லாம் வெளியே வரும். தாளக்கருவி மேலே சலசலக்கும், கீழே வெறுமையாக இருக்கும். காசு கொடுத்து வாங்கிய முழுத்தரக் கோப்புகளை ஒழுங்காகச் சேர்த்து வைத்திருப்பது டிஜேயின் வேலையில் பாதி. கொட்டேஷனில் அது ஒரு வரியாக வராது, ஆனால் அந்தக் கூலிக்குள் அதுவும் இருக்கிறது.

டிஜேயை எப்படித் தேர்ந்தெடுப்பது என்றும் கேட்டான். பதிவு செய்து அனுப்புகிற மிக்ஸை வைத்து முடிவெடுக்காதே என்றேன். வீட்டில் உட்கார்ந்து செய்ததில் கூட்டம் கிடையாது. அவர் வேறு எங்காவது போடுகிற நாளில் அரை மணி நேரம் போய் நில். டிஜேயைப் பார்க்காதே, தளத்தைப் பார். ஆடாமல் நிற்கிறவர்கள் பக்கம் அவர் எத்தனை தடவை நிமிர்ந்து பார்க்கிறார், பார்த்த பிறகு ஏதாவது மாறுகிறதா என்று கவனி.

அவன் கேட்காத மூன்றாவது வழி ஒன்றையும் சொன்னேன். ஆறேழு பேர் கொண்ட பறைக்குழு வந்தால் மைக்கே வேண்டாம். வாசலில் இருபது நிமிடம் அடித்துக்கொண்டு எல்லோரையும் உள்ளே கூட்டிவந்து விட்டால், டிஜே ஏறும்போதே உடம்புகள் தயாராக இருக்கும். தோல் பறையை நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்ற வேண்டும், அதற்கு மண்டபத்துக்கு வெளியே இடம் கேட்டு வை என்றேன். தொகை இடம் கொடுத்தால் மட்டும்.

திறந்த வெளியில் ஆயிரக்கணக்கில் கூட்டம் என்று சொல்லியிருந்தால் நான் முதல் கொட்டேஷனைத்தான் எடுத்திருப்பேன், கூடவே கடன் வாங்கியாவது ஒரு டிஜேயைத் தேடியிருப்பேன். அங்கே பேஸ் போய்ச் சேராவிட்டால் ஹார்டியே வந்தாலும் ஒன்றும் நடக்காது. இந்த மண்டபத்துக்கு இரண்டாவதை எடு, புகை மெஷின் இல்லாவிட்டால் பரவாயில்லை, டிஜேயை மதியம் இரண்டு மணிக்கே வரச் சொல், சவுண்ட்காரரையும் அதே நேரத்துக்கு வரச் சொல் என்றேன். இருவரும் சேர்ந்து காலி மண்டபத்தில் இரண்டு மணி நேரம் இருந்தால் போதும், ஆறு சப் கூடுதலாக வந்த மாதிரி.

நேற்று மண்டபத்தின் அளவை எழுதி அனுப்பினான். நீளம் 24 மீட்டர், அகலம் 14. மேடை குறுகிய சுவரில். கூடவே ஒரு கேள்வி: "சப் ரெண்டையும் நடுவுல வச்சா கேக் டேபிளை எங்க மாமா வைக்கிறது?"

வலது ஓரமாக, ஜன்னல் பக்கம் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.